ஃபால்அவுட்: கதிரியக்கப் பொழிவு

ஆங்கிலத்தில் 'ஃபால்அவுட்' (fallout) வரும் இடத்தில் தமிழில் 'கதிர்வீச்சு' என்று எழுதினால் பொருளே மாறிவிடும். கதிர்வீச்சைச் சீசாவில் அடைக்க முடியாது. ஃபால்அவுட்டை அடைக்கலாம், நிறுக்கலாம், அமிலத்தில் கரைக்கலாம். அணுகுண்டு வெடிக்கையில் ஆவியாகி மேலே போன குண்டுப் பொருளும் மண்ணும் குளிர்ந்து, துகள்களாகக் கீழே இறங்குவதுதான் அது.

ஆங்கிலத்தில் 'விழு', 'வெளியே' இரண்டும் சேர்ந்த சொல் இது. அணுகுண்டுக்கு அப்புறம்தான் இந்தப் பொருள் வந்தது. உலகமே அதைப் பேசவைத்தது 1954 மார்ச் 1 அன்று பசிபிக் கடலின் பிக்கினி பவளத்தீவில் அமெரிக்கா வெடித்த 'காசில் பிராவோ' என்ற ஹைட்ரஜன் குண்டு. வெடித்திறன் 15 மெகாடன், அதாவது ஒன்றரைக் கோடி டன் டி.என்.டி. வெடிமருந்துக்குச் சமம். எதிர்பார்த்ததைப் போல இரண்டரை மடங்கு. 'டைகோ ஃபுகுர்யூ மாரு' என்ற ஜப்பானிய மீன்பிடிக் கப்பலில் இருந்த 23 பேர்மீதும் வெள்ளைத் தூள் மணிக்கணக்கில் கொட்டியது. தூளாகிப்போன பவளப்பாறை அது. 'சாவுச் சாம்பல்' என்றார்கள் ஜப்பானியர். கப்பலில் வானொலித் தொடர்புக் கருவியை இயக்கிய குபோயாமா ஐகிச்சி செப்டம்பரில் இறந்தார்.

டோக்கியோ பல்கலைக்கழகத்தில் வேதியியலாளர் கிமுரா கென்ஜிரோவின் குழு அந்தச் சாம்பலைத் தனிமம் தனிமமாகப் பிரித்தது. ஸ்ட்ரான்சியம் போன்ற பிளவுப் பொருள்களோடு (அணுக்கரு பிளக்கும்போது உண்டாகும் தனிமங்கள்) யுரேனியம்-237உம் அகப்பட்டது. யுரேனியம்-238இன் அணுக்கருவில் வேகமான ஒரு நியூட்ரான் நுழைந்து இரண்டு வெளியேறினால் உண்டாவது அது. அரைவாழ்வு, அதாவது பாதி சிதைய ஆகும் காலம், ஏழு நாளுக்கும் குறைவு. அத்தனை வேகமான நியூட்ரான்களை ஏராளமாகத் தருவது அணுக்கரு இணைவு. பிளவு, இணைவு, மறுபடி பிளவு என்ற குண்டின் ரகசிய அமைப்பை இந்த அளவீடுகளிலிருந்தே ஊகித்தார் பிரிட்டனில் இருந்த இயற்பியலாளர் ஜோசப் ராட்பிளாட். ஒரு வல்லரசு மறைத்ததை மீனவர் தலையில் விழுந்த தூள் சொல்லிவிட்டது.

எல்லாத் தனிமத்தையும் ஒரே விதமாக அளக்க முடியாது. சீசியம்-137ஐ அதன் காமாக் கதிரின் ஆற்றலை வைத்து மாதிரியைப் பிரிக்காமலே கண்டுபிடிக்கலாம். ஸ்ட்ரான்சியம்-90 பீட்டாத் துகள்களை மட்டுமே வீசும். அதை வேதிமுறையில் தனியாக்கி, கார்பனேட்டாக வீழ்படியவைத்து எண்ண வேண்டும்.

'கதிரியக்க வீழ்படிவு' என்ற சொல்லை நான் ஏற்காததற்குக் காரணமும் இதுதான். வேதியியல் பாடத்தில் வீழ்படிவு என்றால் கரைசலிலிருந்து பிரிந்து அடியில் தங்குவது. வீழ்படிவிலிருந்து வீழ்படிவு எடுத்தோம் என்று எழுதினால் யாருக்குப் புரியும்? 'அணுக்கழிவு' அதைவிட மோசம். அது உலைகளில் மிஞ்சுவது.

'கதிரியக்கப் பொழிவு' சரி. மழைப்பொழிவு, பனிப்பொழிவு என்று வானிலிருந்து இறங்குவதற்கு ஏற்கெனவே வழங்கும் சொல். வெகுதூரம் பரவும் நுண்துகள்களில் பெரும்பங்கை இறக்குவதும் மழைதான். இறங்கி மண்ணில் தங்கியதைச் சதுர மீட்டருக்கு இத்தனை பெக்கரல் (நொடிக்கு ஓர் அணுக்கருச் சிதைவு ஒரு பெக்கரல்) என்று அளக்கும்போது மட்டும் 'கதிரியக்கப் படிவு' என்று எழுதலாம்.