எக்ஸ்ட்ரா சிலிண்டர் தொங்கவிட்டா மட்டும் போதாதுங்க

பாண்டில ஸ்கூபா சொல்லிக் கொடுக்குறவன் நான். போட்ல ஏறின உடனே யாராவது ஒருத்தர் கேட்டுடுவாங்க, "சார் இந்த ஆக்ஸிஜன் சிலிண்டர் எவ்ளோ நேரம் வரும்?" ஆக்ஸிஜன் இல்லப்பா, இப்ப நீ மூச்சு விடுற அதே காத்துதான், 200 பார் அழுத்தத்துல அமுக்கி அடைச்சிருக்கு. பேப்பர்லயும் ஆக்ஸிஜன்னே எழுதி எழுதி பழக்கிட்டாங்க. சாதா டைவ்ல இந்த பேர் கொழப்பத்தால ஒண்ணும் ஆகாது, கூட இன்னொரு சிலிண்டர் கொண்டு போறப்பதான் வினை.

இப்ப ஆன்லைன்ல அரை லிட்டர் குட்டி பாட்டில் வாங்கிட்டு வந்து "எமர்ஜென்சிக்கு வெச்சிருக்கேன்"னு காட்டுறாங்க. கணக்கு பாருங்க. அரை லிட்டர், 200 பார், மொத்தம் 100 லிட்டர் காத்து. பதட்டத்துல ஒருத்தர் நிமிஷத்துக்கு 30 லிட்டர் இழுப்பார்னு வைங்க, 30 மீட்டர் ஆழத்துல தண்ணி அழுத்தத்தால அது நாலு மடங்கு, அதாவது 120. அப்போ அம்பது செகண்டுதான் தாங்கும். அதே 3 லிட்டர் போனி சிலிண்டர்னா, அதாவது மெயின் சிலிண்டரோட தனியா கொண்டு போற சின்ன சிலிண்டர்னா, 600 லிட்டர், அந்த 30 மீட்டர்லேர்ந்து மெதுவா ஏறி 5 மீட்டர்ல மூணு நிமிஷம் நின்னு மேல வர போதும்.

சரி, போனி வாங்கியாச்சு, எப்படி மாட்டுறது? இங்கதான் ஒரு தம்பி கதை. சொந்த போனியோட வந்தார், மலை ஏறுறவங்க வெச்சிருக்க மாதிரி கேட் திறக்குற கிளிப்ப நேரா சிலிண்டர சுத்தி இறுக்குற இரும்புப் பட்டையில (ஹோஸ் கிளாம்ப்) முறுக்கி வெச்சிருந்தார், நானும் அன்னிக்கு அவசரத்துல விட்டுட்டேன், அது என் தப்பு. 18 மீட்டர்ல பாறையில அறுந்து கெடந்த நரம்பு வலை, அந்த கிளிப் வாய தானே தள்ளிட்டு உள்ள போயி மாட்டிக்குச்சு. அவர் இழுக்க இழுக்க இறுகுது, கண்ணு மாஸ்க்குக்குள்ள பெருசாகுது. கிளிப் இரும்போட இரும்பா இருக்கு, அத வெட்ட முடியாது, நான் கத்தி எடுத்து நரம்ப ஒண்ணொண்ணா அறுத்து விட்டேன்.

அதனாலதான் போல்ட் ஸ்னாப்ங்கற கொக்கி. கட்டைவிரலால இழுத்தாத்தான் திறக்கும், வலை தானா திறக்காது. சிலிண்டர் கழுத்துல ஒண்ணு, கீழ ஒண்ணு, ரெண்டையும் நைலான் கயித்துலதான் கட்டணும், சிக்கினா கயித்த அறுத்து சிலிண்டரையே கழட்டிடலாம். நம்ம பெல்ட்டுல இடது பக்கம் நெஞ்சுலயும் இடுப்புலயும் இருக்க டி-ரிங் வளையத்துல மாட்டுங்க. ஹோஸ சிலிண்டரோட ஒட்டி வைக்க பழைய பைக் ட்யூப வெட்டின ரப்பர் போதும், கடையில விக்கிறத விட இதுதான் எனக்கு நல்லா உழைக்குது.

மட்டக்களப்பு பக்கம் போனா இன்னும் சீரியஸ். 1942 ஏப்ரல் 9 அன்னிக்கு ஜப்பான் விமானங்க மூழ்கடிச்ச ஹெர்மிஸ்ங்கற பிரிட்டிஷ் போர்க்கப்பல் அங்க 53 மீட்டர்ல கெடக்கு. அங்க போறவங்க மேல வர்றப்ப உடம்புல சேர்ந்த நைட்ரஜன் வெளியேற நடுவுல நிக்கிறதுக்காக 50 சதவீத ஆக்ஸிஜன் கலந்த இன்னொரு சிலிண்டர் (ஸ்டேஜ் சிலிண்டர்) கொண்டு போவாங்க. அது 21 மீட்டர் ஆழத்துக்கு ஏறி வந்த பிறகுதான் மூச்சு விட. தப்பா அடியிலயே வாய்ல வெச்சா ஆக்ஸிஜன் அழுத்தம் 3 பாருக்கு மேல போயிடும், நாங்க வெச்சிருக்க எல்லையே 1.6 தான். வலிப்பு வரும், மூச்சு விட வாய்ல வெச்சிருக்க ரெகுலேட்டர் வாய விட்டு விழும், அப்புறம் தண்ணிதான்.

அதனால கேஸுல ஆக்ஸிஜன் எவ்ளோன்னு நாமளே அனலைசர் மீட்டர்ல பாக்கணும், நிரப்பினவர் சொன்னாருன்னு நம்பக்கூடாது. வால்வ ஒருதடவ திறந்து ரெகுலேட்டர்ல அழுத்தம் ஏத்தி, கேஜ் பாத்துட்டு மூடிடுங்க, ரெகுலேட்டர் எங்கயாவது இடிச்சு கேஸ் மொத்தமும் கொட்டிடாம இருக்கும், உள்ள தண்ணியும் ஏறாது. டேப் ஒட்டி 21னு உள்ளங்கை அளவுக்கு எழுதுங்க, சிலிண்டரோட ரெண்டு பக்கமும். ஒரு பக்கம் எனக்கு, இன்னொரு பக்கம் கூட வர்றவருக்கு. 21 மீட்டர் வந்ததும் நான் மாத்தறதுக்கு முன்னாடி அவர் அந்த நம்பரப் பாப்பார், ஆழம் காட்டுற தன் டைவ் கம்ப்யூட்டரப் பாப்பார், என் வாய்க்கு வர்ற ஹோஸ் அந்த சிலிண்டர்லேர்ந்துதான் வருதான்னு கையால தடவிப் பாப்பார். அவர் ஓகே காட்டினாத்தான் நான் வாய்ல வைப்பேன்.