அண்டர்சைஸ் பேரிங்: குறைந்தது எது?

அண்டர்சைஸ் பேரிங் என்றால் மெல்லிய பேரிங் என்றுதான் முதலில் தோன்றும். உண்மையில் அது வழக்கமானதைவிடத் தடித்தது. எஞ்சினில் பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டு கிராங்க் ஷாஃப்ட். தேய்ந்துபோன அதைச் சாணை பிடித்தால் ஜர்னலின், அதாவது பேரிங்குக்குள் சுழலும் பகுதியின், விட்டம் குறையும். பேரிங் உட்காரும் துளையோ மாறாது. இடையில் விழும் வெற்றிடத்தை நிரப்ப பேரிங்கின் சுவர் தடிக்க வேண்டும். ஆக, குறைந்தது தண்டு; பெயர் மட்டும் பேரிங்குக்கு.

பேரிங் என்பது தாங்குதல் என்ற பொருளுள்ள ஆங்கில வினையில் பிறந்தது. தமிழில் 'தாங்கி' அப்படியே பொருந்துகிறது. கிராங்குக்கு 'வணரி' என்கிறார்கள். வணர்தல் என்றால் வளைதல். யாழின் வளைந்த தண்டைச் சங்கப் பாட்டுகள் 'வணர்கோடு' என்னும். ஆங்கிலச் சொல்லின் வேரிலும் வளைவுதான் இருக்கிறது. எனவே கிராங்க் ஷாஃப்ட் வணரித்தண்டு. அண்டர்சைஸ் பேரிங்கைக் 'குறையளவுத் தாங்கி' என்று பெயர்த்தால் பழைய குழப்பமும் கூடவே வந்துவிடும். 'குறைதண்டுத் தாங்கி' என்பது என் தேர்வு.

சரி, அளவுக்கு வருவோம். 0.25 மி.மீ. என்று குறித்திருந்தால் ஜர்னலின் விட்டம் அவ்வளவு குறைந்திருக்க வேண்டும் என்று பொருள். பேரிங் இரண்டு அரைவட்ட ஓடுகள் என்பதால் ஒவ்வோர் ஓடும் 0.125 மட்டுமே கூடுதல் தடிப்பு. அடுத்தடுத்து 0.50, 0.75, 1.00 என்று போகும். அங்குலக் கணக்கில் 010, 020 என்று பொறித்திருப்பார்கள். அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 10, 20 பங்கு. தண்டை எஞ்சினில் தாங்கும் மெயின் ஜர்னல் ஓர் அளவிலும், பிஸ்டனை இணைக்கும் கனெக்டிங் ராடுக்கான ஜர்னல் வேறோர் அளவிலும் இருக்கலாம், இரண்டையும் தனித்தனியே மைக்ரோமீட்டரில் பார்க்க வேண்டும்.

ஜர்னலுக்கும் பேரிங்குக்கும் இடையில் எண்ணெய் நிற்க விடும் இடம்தான் எண்ணெய் இடைவெளி. 50 மி.மீ. ஜர்னலுக்கு அது தோராயமாக 0.05 மி.மீ.; சரியான அளவு அந்தந்த எஞ்சினின் கையேட்டில் இருக்கும். 0.25 குறைத்த தண்டில் ஸ்டாண்டர்ட் பேரிங்கை மாட்டினால் இடைவெளி 0.30 ஆகிவிடும். எண்ணெய் அழுத்தம் விழும், எஞ்சின் தட்டும், பேரிங் சீக்கிரமே போய்விடும். பேரிங்கை மேலிருந்து பிடிக்கும் தொப்பியின் (பேரிங் கேப்) வாயை அராவி இடைவெளியைச் சரிக்கட்டுவது அதைவிட மோசம். துளையின் வட்டமே கெடும்.

சாணைக்குக் கொடுக்கும் முன்பே எந்த அளவில் பேரிங் கிடைக்கிறது என்று கேட்டுக்கொள்வது நல்லது. சில எஞ்சின்களுக்குக் குறைதண்டுத் தாங்கியே வருவதில்லை. அங்கே தேய்ந்த தண்டுக்கு மாற்றுத் தண்டுதான்.