தகவல் அறிவியல் பட்டம்: கல்விக் கடனையும் சம்பளத்தையும் அமெரிக்க விதிகள் எப்படி எடைபோடுகின்றன?

அமெரிக்காவில் தகவல் அறிவியலில் முதுநிலைப் பட்டம் பெறுவோர் எல்லோரும் ஒரே வேலைக்குப் போவதில்லை. சிலர் பொது நூலகத்திலோ பள்ளி, பல்கலைக்கழக நூலகத்திலோ பணியில் சேர்கின்றனர்; சிலர் தரவுத்தளம், தகவல் பாதுகாப்பு போன்ற துறைகளுக்குச் சென்றுவிடுகின்றனர். அந்நாட்டுத் தொழிலாளர் புள்ளியியல் பணியகத்தின் 2024 மே மாதக் கணக்குப்படி நூலகர்களின் இடைநிலை ஆண்டு ஊதியம் (பாதிப்பேர் இதற்கு மேலும் பாதிப்பேர் இதற்குக் கீழும் பெறும் தொகை) 64,320 டாலர்; தகவல் பாதுகாப்புப் பகுப்பாய்வாளர்களுக்கு அது 1,24,910 டாலர். படித்த வகுப்பும் கட்டிய கட்டணமும் ஒன்றாகவே இருந்தாலும் திருப்பிச் செலுத்தும் திறன் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேறுபடுவதால், கல்லூரியின் விளம்பரத்தில் வரும் சராசரிச் சம்பளத்தை நம்பிக் கடன் வாங்குவது ஆபத்தானது. கணக்கைக் குறைந்த சம்பளத்தில் தொடங்குவதே சரி என்பது என் கருத்து.

அந்தக் கணக்குக்கு ஏற்ற அளவுகோல் ஒன்றை அமெரிக்கக் கல்வித் துறை 2023 அக்டோபரில் வெளியிட்ட விதியில் காணலாம். ஒரு படிப்பை முடித்தவர்களின் இடைநிலைக் கடனுக்குரிய ஓராண்டுத் தவணைத் தொகை, அவர்களின் ஆண்டு வருவாயில் 8 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது; தாண்டினாலும், அடிப்படை வாழ்க்கைச் செலவுக்கென ஒரு தொகையைக் கழித்த பின் மிஞ்சும் வருவாயில் 20 விழுக்காட்டுக்குள் அடங்க வேண்டும். இரண்டில் ஒன்றில் தேறினால் போதும். கழிக்கப்படும் தொகை, அரசு அறிவிக்கும் தனிநபர் வறுமைக்கோட்டின் ஒன்றரை மடங்கு. முதுநிலைப் படிப்புக்கு 15 ஆண்டுத் தவணையாகக் கணக்கிடுவர்.

எண்களை வைத்துப் பார்ப்போம். முதுநிலை மாணவருக்கு அரசு நேரடிக் கடனாக ஆண்டுக்கு 20,500 டாலர் வரை கிடைக்கும். இரண்டு ஆண்டுகளுக்கு 41,000 டாலர். வட்டியை 8 விழுக்காடு என்று வைத்தால் 15 ஆண்டுகளுக்கு மாதத் தவணை ஏறத்தாழ 392 டாலர், ஆண்டுக்கு 4,700 டாலர். 64,320 டாலர் சம்பளத்தில் இது 7.3 விழுக்காடு, தேறிவிடுகிறது. புதிதாக வேலைக்குச் சேர்ந்து 50,000 டாலர் வாங்குபவருக்கோ 9.4 விழுக்காடு ஆகிறது. 2025ஆம் ஆண்டின் வறுமைக்கோடு 15,650 டாலர். அதன் ஒன்றரை மடங்கான 23,475 டாலரைக் கழித்தால் மிஞ்சுவது 26,525 டாலர். இதில் 20 விழுக்காடு 5,305 டாலர் என்பதால், முதல் சோதனையில் தவறியவர் இரண்டாவதில் தப்பிக்கிறார்.

ஆனால் இந்த அளவுகோல் பார்க்காமல் விடும் செலவுகள் உண்டு. இளநிலைப் படிப்புக்கு வாங்கிய கடன் முதுநிலைப் படிப்பின் கணக்கில் சேராது. கட்டணம், புத்தகம் ஆகியவற்றுக்கு மேல் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் வாங்கிய கடனும் சேராது. மாணவரின் வங்கிக் கணக்கிலிருந்து எல்லாவற்றுக்கும் சேர்த்தே தவணை போகும். இளநிலைக் கடன் 27,000 டாலர் பாக்கி இருந்தால் மொத்தம் 68,000 டாலர். அதே வட்டியில் ஆண்டுத் தவணை 7,800 டாலர். 50,000 டாலர் சம்பளக்காரர் இரண்டு சோதனைகளிலும் தோற்றுப்போவார். ஆகவே விதியின் விகிதங்களை எடுத்துக்கொண்டு, கடன் தொகையாக மட்டும் தமது முழு நிலுவையை வைத்துக் கணக்கிடுவது நல்லது. குறிப்பிட்ட கல்லூரியின் குறிப்பிட்ட படிப்புக்கான கடன், வருவாய் விவரங்களைக் கல்வித் துறையின் 'காலேஜ் ஸ்கோர்கார்ட்' இணையதளத்தில் பார்க்கலாம்.

2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் இதில் மேலும் சில மாற்றங்களைக் கொண்டுவந்தது. முதுநிலை மாணவர்கள் படிப்புச் செலவு முழுவதற்கும் கடன் பெற வழிசெய்த 'கிராட் பிளஸ்' கடன், 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு இல்லை. முதுநிலைக் கடனுக்கு ஆண்டு வரம்பு 20,500 டாலர், மொத்த வரம்பு 1 லட்சம் டாலர். மருத்துவம், சட்டம் போன்ற தொழில்முறைப் பட்டங்களுக்குரிய உயர்ந்த வரம்பு தகவல் அறிவியலுக்குப் பொருந்தாது. மேலும், ஒரு முதுநிலைப் படிப்பை முடித்தவர்களின் இடைநிலை வருவாய், நான்கு ஆண்டுகள் கழித்தும் 25 முதல் 34 வயதுக்குட்பட்ட இளநிலைப் பட்டதாரிகளின் இடைநிலை வருவாயை எட்டாமல், மூன்று ஆண்டுகளில் இரண்டு ஆண்டுகள் பின்தங்கினால், அப்படிப்புக்கு நேரடிக் கடன் கிடைக்காமல் போகும். இந்தச் சோதனையில் கடன் எவ்வளவு என்ற கேள்வியே இல்லை. அதனால் ஒரு படிப்பு இதில் தேறியிருக்கிறது என்பது அதற்காக வாங்கும் கடன் தாங்கக்கூடியது என்பதற்குச் சான்றாகாது.

திருப்பிச் செலுத்தும் முறையும் மாறியுள்ளது. 2026 ஜூலை 1 முதல் வாங்கும் கடனுக்கு இரண்டே வழிகள்: கடன் அளவைப் பொறுத்து 10 முதல் 25 ஆண்டுகள் வரை நீளும் நிலையான தவணை ஒன்று, வருமானத்தில் 1 முதல் 10 விழுக்காடு வரை வசூலிக்கும் திட்டம் மற்றொன்று. இரண்டாவதில் வருமான வரிக் கணக்கின்படி 50,000 டாலர் காட்டுபவர் 4 விழுக்காடு, அதாவது மாதம் 167 டாலர் கட்டுவார். அந்தத் தொகை வட்டிக்கே போதாவிட்டால் மீதி வட்டி தள்ளுபடியாவதோடு, அசலும் மாதம் 50 டாலர் வரை குறையும். ஆனால் வருமானம் 50,001 டாலர் ஆனதும் முழுத் தொகைக்கும் 5 விழுக்காடு விழும். ஒரு டாலர் கூடுதல் வருமானத்துக்கு ஆண்டுக்கு 500 டாலர் கூடுதல் தவணை!

நூலக வேலைக்குப் போகிறவருக்கு இதைவிட முக்கியமானது 2007ஆம் ஆண்டுச் சட்டம் உருவாக்கிய பொதுச் சேவைக் கடன் தள்ளுபடி. அரசு அமைப்பிலோ வரிவிலக்குப் பெற்ற இலாபநோக்கற்ற நிறுவனத்திலோ வாரம் 30 மணி நேரத்துக்குக் குறையாமல் முழுநேரப் பணியில் இருந்துகொண்டு, தகுதியான திட்டத்தின்கீழ் 120 மாதத் தவணைகள் கட்டினால், நேரடிக் கடனில் எஞ்சியது முழுவதும் தள்ளுபடியாகும். தவணைகள் தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை. தள்ளுபடித் தொகைக்கு மத்திய வருமான வரியும் இல்லை. பார்க்கப்படுவது வேலையின் பெயரல்ல, வேலை தரும் நிறுவனம்தான். மாவட்ட நூலகத்தில் கணினிப் பிரிவில் இருப்பவருக்குச் சலுகை உண்டு. இலாபநோக்குள்ள தனியார் நிறுவனத்தில் நூலகராக இருப்பவருக்குக் கிடையாது. மேலே சொன்ன 50,000 டாலர் சம்பளக்காரர், வருமானம் மாறாமல் இருந்தால், பத்து ஆண்டுகளில் கட்டுவது 20,000 டாலர்தான். பணியளிப்பவரின் சான்றிதழை ஆண்டுதோறும் சமர்ப்பித்து, எத்தனை தவணைகள் எண்ணிக்கையில் சேர்ந்தன என்று சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

தனியார் வங்கிக் கடனுக்கு இவற்றில் எதுவும் பொருந்தாது. மாணவர் விசாவில் செல்வோர் மத்திய அரசின் கடனுக்கே தகுதியற்றவர்கள் என்பதால், வருமானத்துக்கேற்ற தவணையும் தள்ளுபடியும் அவர்களுக்குக் கிடையாது. 8 விழுக்காட்டு அளவுகோலை அவர்களும் பயன்படுத்தலாம். ஆனால் அதைத் தாண்டினால் கைகொடுக்க ஒரு திட்டமும் இல்லை என்பதைக் கணக்கில் வைத்தே கடன் தொகையை முடிவுசெய்ய வேண்டும்.