நங்கூரம் பிடிப்பது எதனால்?

1927இல் ஆங்கிலேய இயற்பியலாளர் ஜி. ஐ. டெய்லர், மனைவி ஸ்டெஃபனியோடு 'ஃபிராலிக்' என்ற பாய்மரப் படகில் நார்வேயின் லோஃபோட்டன் தீவுகள்வரை போய்வந்தார். திரவங்களின் ஓட்டத்தை ஆராய்ந்த பேரறிஞர் அவர். 1933இல், கலப்பைக் கொழு வடிவில் ஒரு நங்கூரத்தை உருவாக்கினார். சி.க்யூ.ஆர். என்ற பெயரில் அது உலகெங்கும் சிறுபடகுகளில் ஏறியது.

படகை நிறுத்துவது நங்கூரத்தின் எடைதான் என்று பலர் நினைக்கிறார்கள். சிறு படகில் எடைக்கு இரண்டாம் இடம்தான். சாய்வான அலகு மணலைக் குத்தி உள்ளே இறங்குகிறது. படகு இழுக்க இழுக்க இன்னும் ஆழமாகப் புதைகிறது. அதற்கு முன்னால் இருக்கும் மண்ணைப் பெயர்த்துத் தள்ளினால்தான் நங்கூரம் நகரும். அந்த மண்தான் படகைப் பிடித்துவைக்கிறது.

ஆனால் இழுவிசை கிடைமட்டமாக இருக்கும்வரைதான் இதெல்லாம் நடக்கும். மேல்நோக்கி இழுத்தால் அலகு பெயர்ந்து வந்துவிடும். நங்கூரத்தைத் தூக்க நாம் செய்வதும் அதைத்தானே! சங்கிலி நீளமாக இருந்தால்தான் இழுவிசை கிடைமட்டத்தை ஒட்டி இருக்கும். அதனால் நங்கூரத்தின் வடிவத்தைவிட, எவ்வளவு சங்கிலி விடுகிறோம் என்பதையே நான் முதலில் பார்ப்பேன். ஆழம் 5 மீட்டர், நீர்மட்டத்திலிருந்து படகின் முன்முனை 1 மீட்டர் உயரம், ஓதத்தில் நீர் இன்னும் 2 மீட்டர் ஏறும் என்று வையுங்கள். மொத்தம் 8. முழுச் சங்கிலி என்றால் அதைப்போல் 5 மடங்கு, அதாவது 40 மீட்டர் விட வேண்டும். பெரும்பகுதி கயிறு என்றால் 7 மடங்கு. இளங்காற்றில் சங்கிலி தன் எடையால் தரையில் படுத்துக் கிடக்கும். பலத்த காற்றில் ஏறக்குறைய நேர்கோடாக விறைத்துவிடும். அப்போது 3 மடங்கு நீளத்துக்குத் தரையோடு அதன் கோணம் சுமார் 19 பாகை, 7 மடங்குக்கு 8 பாகைதான். காற்றின் வேகம் இரட்டித்தால் படகின் மேல் விசை நான்கு மடங்காகும். குழந்தைகள் உள்ளே தூங்கும் இரவில் நீளத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்.

சரி, எந்த நங்கூரம்? இரண்டாம் உலகப்போரில் தரையிறங்கு படகுகளுக்குப் பயன்பட்ட டான்ஃபோர்த், தட்டையான இரு தகடுகள் கொண்டது. மணலிலும் சேற்றிலும் எடைக்கு மீறிய பிடி, மடித்து வைக்கலாம். ஆனால் காற்று திசை மாறினால் பிடுங்கிக்கொள்ளலாம். கடற்பாசித் தரையில் வழுக்கும். நியூசிலாந்தின் பீட்டர் ஸ்மித் வடிவமைத்த ராக்னாவில் ஒரு வளைகம்பி உண்டு. எப்படி விழுந்தாலும் அது நங்கூரத்தைப் புரட்டி, கூர்முனையை மண்ணை நோக்கித் திருப்பிவிடும். குடும்பத்தோடு போகிறவர்கள் ராக்னா மாதிரி ஒன்றைப் பிரதான நங்கூரமாகவும், டான்ஃபோர்த்தை உபரியாகவும் வைத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. பாறைத் தரையில் எதையும் நம்ப முடியாது. வேறு இடம் பாருங்கள்.

நங்கூரம் போட்டதும் எஞ்சினைப் பின்னோக்கி மெதுவாக ஓட்டி அதை நன்றாகப் புதைக்க வேண்டும். அப்புறம் பிள்ளைகளுக்கு அருமையான வேலை ஒன்று இருக்கிறது. கரையில் பக்கவாட்டில் ஒரு மரமும் அதற்குப் பின்னால் ஒரு வீடும் ஒரே கோட்டில் தெரிகிறதா என்று பார்த்து வைக்கச் சொல்லுங்கள். காற்று மாறாமலே இரண்டும் விலகிக்கொண்டே போனால் நங்கூரம் இழுபடுகிறது. காற்று திரும்பியிருந்தால் படகும் சுற்றி வந்திருக்கும். புதிதாக வேறு இரண்டு அடையாளங்களைப் பிடிக்க வேண்டும்.