புளி போட்டுத் தேய்க்கப்பட்ட ரோமானியச் சில்லறை

மூன்று மாதங்களில் நான்காவது முறையாக, புதுச் செம்பைப் போல மின்னும் பழைய ரோமானிய வெண்கலக் காசுகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. "கள்ளக்காசு என்று சொன்னார்கள், அதனால்தான் புளி போட்டுத் தேய்த்துப் பார்த்தோம்" என்றார் கொண்டுவந்தவர். 9 மில்லிமீட்டர் விட்டமே உள்ள ஒரு காசில், குதிரையிலிருந்து விழும் எதிரியை ஈட்டியால் குத்தும் படைவீரன் நான்கைந்து கோடுகளாகத் தெரிந்தான்; குதிரையின் கால்கள் சீப்பின் பற்களைப் போலவும், எழுத்துகள் வெறும் குச்சிகளாகவும் இருந்தன. களிம்போடு சேர்ந்து அவற்றில் பாதி போய்விட்டது.

இவற்றைக் கள்ளக்காசு என்று சொல்வதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். ரோமானியப் பேரரசர்களான இரண்டாம் கான்ஸ்டான்டியஸும் அவர் தம்பி கான்ஸ்டன்ஸும் கி.பி. 348-இல் வெளியிடத் தொடங்கிய, 'நற்காலம் மீண்டது' என்னும் பொருள்படும் 'ஃபெல் டெம்ப் ரெபராட்டியோ' பொறிப்புக் காசுகளைப் பார்த்து, பிரிட்டனிலும் கால்லியாவிலும் (இன்றைய பிரான்ஸ் பகுதி) அடிக்கப்பட்டவை இவை. மேற்கில் ஆட்சியைக் கைப்பற்றியிருந்த மாக்னென்டியஸ் 353-இல் வீழ்ந்த பின் அங்கே புழங்கிய சில்லறை போதவில்லை. ஆகவே பழைய காசுகளை வெட்டிச் சிறிதாக்கியும், அவற்றின் மேலேயே மறு அச்சு அடித்தும் அன்றாடத் தேவையைச் சமாளித்தார்கள். ஏமாற்றுவதுதான் நோக்கமென்றால், அசலில் பாதிகூட இல்லாத காசை யார் அடிப்பார்கள்? 'காட்டுமிராண்டி நாணயம்' என்ற பழைய பெயரும் தவறானது. இவற்றை அடித்தவர்கள் எல்லைக்கு அப்பாலிருந்து வந்தவர்கள் அல்லர், பேரரசுக்குள் வாழ்ந்த குடிமக்களே.

இன்றைய போலி வேறு. நாங்கள் முதலில் பார்ப்பது ஓரத்தைத்தான்; வார்ப்பில் செய்த போலியில் அங்கே இணைப்புக் கோடும், பரப்பில் காற்றுக்குமிழிப் பள்ளங்களும் தென்படும்.

இலங்கையின் தென்கரையில் ரோமானியச் சில்லறையோடு, அதைப் பார்த்து உள்ளூரிலேயே செய்தவை என்று ஆய்வாளர்கள் கருதும் காசுகளும் கிடைத்துள்ளன. எனவே நம் பக்கத்தில் கிடைக்கும் தெளிவற்ற சிறு காசையும் எடுத்த எடுப்பில் ஒதுக்காதீர்கள்.

புளி, எலுமிச்சை, பித்தளை துலக்கும் பொடி எதுவும் வேண்டாம். கிடைத்த இடம், எடை, விட்டம் மூன்றையும் அன்றே எழுதிவையுங்கள். வெளிறிய பச்சைத் தூள் உதிரும் காசு உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருக்கிறது. அதைத் தனியே, ஈரம் படாத டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வைத்து, தேய்க்காமல் அப்படியே கொண்டுவாருங்கள்.