பவளத்தின் உடலில் எழுதப்பட்ட கடல் வரலாறு

ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் பகுதியில் போரைட்டீஸ் என்ற பவளம் பெரும் பாறை உருண்டையாக வளர்கிறது. ஆண்டுக்கு 1 முதல் 2 சென்டிமீட்டர்தான் வளர்ச்சி. ஆகவே 4 மீட்டர் உயரப் பவளம் என்றால், அதற்குள் இரண்டு மூன்று நூற்றாண்டுக் கடல் பதிவாகியிருக்கும். கடல்நீரின் அமிலத்தன்மையைக் கருவி வைத்துத் தொடர்ந்து அளக்கத் தொடங்கியதே 1980களில்தான் என்பதால், இந்தப் பதிவு விலைமதிப்பற்றது.

முக்குளிப்பவர்கள் பவளத்தின் உச்சியிலிருந்து செங்குத்தாகத் துளைத்து, 5 முதல் 9 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள உருளைத் தண்டை எடுக்கிறார்கள். உயிருள்ள திசு மேலே சில மில்லிமீட்டர் மட்டுமே. துளையைச் சிமென்ட் அடைப்பால் மூடிவிட்டால் திசு அதன்மேல் படர்ந்து மூடிக்கொள்ளும். திறந்தே விட்டால் துளையிடும் உயிரினங்கள் புகுந்து உள்ளே குடைந்துவிடும்.

தண்டிலிருந்து 7 மில்லிமீட்டர் தடிமனில் பலகை அறுத்து எக்ஸ்ரே எடுத்தால், அடர்த்தி கூடியதும் குறைந்ததுமாகப் பட்டைகள் மாறிமாறித் தெரியும். ஒரு ஜோடி, ஓர் ஆண்டு. அறுப்பு வளர்ச்சித் திசையை விட்டுச் சாய்ந்தால் பட்டைகள் மங்கி ஆண்டுக்கணக்கே தவறிவிடும்.

கடல்நீரின் வெப்பத்தைச் சொல்வது ஸ்ட்ரோன்சியம் என்ற தனிமம். பவளத்தில் ஆயிரம் கால்சியம் அணுக்களுக்குச் சுமார் 9 ஸ்ட்ரோன்சியம் அணுக்கள் இருக்கும். நீர் 1 டிகிரி செல்சியஸ் சூடேறினால் அந்த 9-இல் ஏறத்தாழ 0.06 குறையும். பலகையில் மில்லிமீட்டருக்கு ஒரு மாதிரி எனத் தூள் சுரண்டினால், ஏறக்குறைய மாதத்துக்கு ஓர் அளவீடு கிடைக்கும். பவளத்தின் எலும்புக்கூடு அரகோனைட் என்ற கால்சியம் கார்பனேட் கனிமத்தால் ஆனது. பழைய பவளத்தின் இயற்கையான நுண்துளைகளில் பின்னாளில் புதிய அரகோனைட் படிந்திருந்தால் ஸ்ட்ரோன்சியம் கூடி, கடல் குளிர்ந்திருந்ததாகப் பொய்க்கணக்கு வரும். கால்சியம் கார்பனேட்டின் இன்னொரு வடிவமான கால்சைட் படிந்திருந்தால் நேர்மாறு. இத்தகைய படிவு இல்லை என நுண்ணோக்கியில் பார்த்து உறுதிசெய்யாத மாதிரியை நம்பவே கூடாது. பல பவளங்களை இப்படிச் சலித்துச் சேர்த்துத்தான், 2024-இன் தொடக்க மாதங்களில் ஆஸ்திரேலியாவின் வடகிழக்கே உள்ள பவளக் கடல் (கோரல் சீ) 400 ஆண்டுகளில் காணாத அளவு சூடேறியது என்று ஆய்வாளர்கள் நிறுவினார்கள்.

அமிலத்தன்மைக்குச் சாட்சி போரான் என்ற தனிமம். கடல்நீரில் அது போரிக் அமிலமாகவும் போரேட் அயனியாகவும் இருக்கிறது. பவளம் சேர்த்துக்கொள்வது போரேட்டை. அமிலத்தன்மையின் அளவுகோலான பிஎச் (அமிலம் கூடினால் இது குறையும்) மாறினால், போரேட்டில் எடை வேறுபட்ட இரு போரான் வகைகளான போரான்-11, போரான்-10 ஆகியவற்றின் விகிதமும் மாறும். பவளத்தில் போரான் பத்து லட்சத்தில் சுமார் 50 பங்கு மட்டுமே என்பதால், போரோசிலிகேட் கண்ணாடிக் குப்பியிலிருந்தோ ஆய்வகக் காற்று வடிகட்டியின் கண்ணாடி இழையிலிருந்தோ கசியும் போரானே அளவைக் கெடுத்துவிடும். டெஃப்ளான் பாத்திரமும் போரான் இல்லாத வடிகட்டியும் கட்டாயம்.

அதைவிடப் பெரிய சிக்கல் பவளமே. தன் எலும்புக்கூட்டைக் கட்டும் திரவத்தின் பிஎச்சை அது வெளிநீரைவிட 0.3 முதல் 0.5 வரை உயர்த்தி வைத்துக்கொள்கிறது. போரான் காட்டுவது முதலில் இந்த உள்திரவத்தை. கடலுக்கு வர இன்னொரு கணக்கு வேண்டும். பவளப்பாறை நீரும் இயல்பாகவே ஏறி இறங்கும். பவளக் கடலின் ஃபிளிண்டர்ஸ் ரீஃப் பவளத்தில் பிஎச் சுமார் 50 ஆண்டுச் சுற்றில் 7.9-க்கும் 8.2-க்கும் இடையே ஊசலாடியது. தொழிற்புரட்சிக்குப் பின் உலகக் கடல் மேற்பரப்பில் நேர்ந்த பிஎச் சரிவோ சுமார் 0.1தான்; இந்த ஊசலாட்டத்தில் அது மறைந்துபோகலாம்.

ஆகவே எலும்புக்கூட்டின் அடர்த்தியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அமிலம் கூடும்போது போரைட்டீஸின் உயர வளர்ச்சி பெரிதாகக் குறையாமல் அடர்த்தி மட்டும் குறையலாம். கிரேட் பேரியர் ரீஃபில் 1950 முதல் அமிலமாதலால் மட்டும் அடர்த்தி சுமார் 13 சதவீதம் குறைந்ததாக 2020-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. உயரத்தை மட்டும் அளந்தால் இந்த இழப்பு கண்ணுக்கே படாது.