கரையேற்றிய மரப்படகுக்குக் காற்று வேண்டும்

தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் மர விசைப்படகுகள் பல பழுதுபார்ப்புக்காகக் கரையேறுகின்றன. அந்த இரண்டு மாதமும் படகுத் தச்சர்களான ஓடாவிகளும் உரிமையாளர்களும் படகைச் சுற்றியே இருப்பதால் பெரிய சேதம் நேர்வதில்லை. நான் கவலைப்படுவது, உரிமையாளர் வெளிநாடு சென்றதாலோ, குடும்பத்தில் பங்கீடு முடியாததாலோ, புது இயந்திரம் வாங்கப் பணம் சேராததாலோ, ஓராண்டு ஈராண்டு என்று கவனிப்பாரற்று நிற்கும் படகுகளைப் பற்றித்தான். மரப்படகுகளைச் சோதித்துப் பழுதை மதிப்பிடும் என் வேலையில், கடலில் அடிபட்டு வந்தவற்றைவிடக் கரையில் நின்றே வீணானவற்றைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இராமநாதபுரம் மாவட்டக் கரையில் ஒரு வள்ளம் இரண்டு ஆண்டு நின்றிருந்தது. உரிமையாளர் அக்கறையுள்ளவர், புதுத் தார்ப்பாய் வாங்கி, படகை மண்வரை மூடி, காற்றுப் புகாதபடி கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டுச் சென்றிருந்தார். அவிழ்த்தபோது வெளிப்பூச்சு பளபளவென்று இருந்தது. உள்ளே இறங்கியதும் காளான் வாடை அடித்தது. படகின் விலாச் சட்டமான வங்கு, அடிமரமான ஏராவோடு சேரும் இடத்தில் கோணூசியை வைத்து அழுத்தினேன். கட்டைவிரல் பலத்துக்கே இரண்டு அங்குலம் உள்ளே போயிற்று. அங்கிருந்து பெயர்த்த மரம் சிறு சிறு கட்டங்களாக வெடித்து, விரலில் தேய்த்தால் பழுப்புப் பொடியாக உதிர்ந்தது. பதினான்கு வங்குகளில் ஒன்பதை மாற்ற வேண்டியிருந்தது.

மரத்தை மக்கச் செய்யும் பூஞ்சைக்கு வேண்டியவை ஈரம், வெப்பம், அசையாத காற்று. மரத்தின் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் அது வளராது; உப்புநீர் ஊறிய மரத்திலும் எளிதில் பிடிக்காது. ஆண்டுக்கணக்கில் கடல்நீரில் கெடாமல் கிடந்த படகு, ஒரே ஒரு வடகிழக்குப் பருவமழையின் நீர் உள்ளே தேங்கியதால் கெட்டுப்போவது இதனால்தான். இறுக்கிக் கட்டிய தார்ப்பாய்க்குள் பகலில் மரத்திலிருந்து எழும் ஆவி, இரவில் பாயின் உட்புறத்தில் துளித்து மீண்டும் மரத்தின் மேலேயே விழுகிறது.

எனவே கூரை வேண்டும், ஆனால் அது படகைத் தொடக்கூடாது. என் அனுபவத்தில் பனை ஓலைக் கொட்டகைக்கு இணையானது எதுவும் இல்லை. வெயிலையும் மழையையும் தடுக்கும், காற்றை விடும். தார்ப்பாய்தான் கிடைக்கும் என்றால், நீளவாக்கில் ஒரு முகட்டுக் கம்பு கட்டி அதன்மேல் போட்டு, பக்கங்களில் ஒரு முழமாவது இடைவெளி விட்டு, முன்புறமான அணியப் பக்கத்தையும் பின்புறமான அமரப் பக்கத்தையும் திறந்தே வையுங்கள். அடியில் நீர் வடியும் துளையின் தக்கையை எடுத்துவிட்டு, அணியத்தைச் சற்று உயர்த்தி நிறுத்த வேண்டும். உள்தளப் பலகைகளைக் கழற்றி வைப்பதும், ஐஸ் பெட்டி மூடிகளைத் திறந்து வைப்பதும் அவசியம். ஐஸ் பெட்டியின் தகட்டுக்கும் படகுப் பலகைக்கும் இடையே உள்ள சந்தில்தான் மக்கல் முதலில் தொடங்குவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

மறுபக்கம், அளவுக்கு மீறி உலர்ந்தாலும் கேடுதான். நீரில் கிடக்கும் பலகையின் ஈரப்பதம் 30 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும். அதற்குக் கீழே இறங்கத் தொடங்கும்போதுதான் மரம் சுருங்குகிறது. நீளத்தில் ஏறக்குறைய சுருக்கமே இராது, அகலத்தில்தான் சுருங்கும். பலகை இடுக்குகள் விரிந்து வெளிச்சம் தெரிவது அதனால்தான். தேக்கு குறைவாகச் சுருங்கும் என்பதால் பழைய தேக்குப் படகுகள் இதை ஓரளவு தாங்கிக்கொள்கின்றன. வெயில் படும் பக்கத்துக்குக் கறுப்பு, கருநீலம் போன்ற நிறங்களைத் தவிர்த்து வெளிர் நிறம் பூசுங்கள். உட்புறத்துக்கு மீன் எண்ணெயோ முந்திரி ஓட்டு எண்ணெயோ போதும். வாரம் ஒருமுறை உள்ளே கடல்நீர் தெளித்துவரும் பழைய வழக்கம் நல்லதே. ஆனால் இரும்பு ஆணி அடித்த படகில் உப்பு ஆணியை அரிக்கும், ஆகவே செம்பு ஆணிப் படகுகளுக்கு மட்டுமே அதைப் பரிந்துரைப்பேன்.

விரிந்த இடுக்கைப் பார்த்துப் பதறி, சிமெண்டோ எபாக்சியோ வைத்து அடைப்பவர்களை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: செய்யாதீர்கள். நீரில் இறங்கியதும் பலகை பருக்கும். பருக்க இடமில்லையென்றால் அது பக்கத்துப் பலகையைத் தள்ளும், ஆணியை இழுக்கும், கடைசியில் வங்கையே பிளக்கும். இடுக்கில் இருக்க வேண்டியது அமுங்கிக் கொடுக்கும் பஞ்சும் குங்கிலியம் காய்ச்சிய எண்ணெயும்தான். இடுக்கு அடைக்கும் கலப்பத்து வேலை தெரிந்த ஓடாவியிடம் அதை ஒப்படையுங்கள்.

தாங்கு கட்டைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். எடையைத் தாங்க வேண்டியது ஏரா. பக்கக் கால்கள் படகு சாயாமல் பார்த்துக்கொண்டால் போதும். இரு முனைகளில் மட்டும் கட்டை வைத்தால் நடு தொய்யும். நடுவில் மட்டும் வைத்தால் முனைகள் தொங்கும். நான்கைந்து அடிக்கு ஒரு பனங்கட்டை, எல்லாம் ஒரே மட்டத்தில். மரம் மண்ணைத் தொட்டால் கரையான் ஏறும். கரையேற்றிய அன்றே தளத்தின் நீளத்துக்கு ஒரு நூல் இழுத்துக் கட்டி, நடுவில் நூலுக்கும் தளத்துக்கும் உள்ள இடைவெளியை அளந்து எழுதி வையுங்கள். மழைக்குப் பின் மணல் இறங்கி, அந்த அளவு அரை அங்குலம் மாறினாலும் உடனே ஆப்பு வைத்துச் சரிசெய்ய வேண்டும். இயந்திரத்தை இறக்கி வைத்தால் ஏராவுக்குப் பெரும் பாரம் குறையும்.

திரும்ப இறக்கும்போது அவசரம் கூடாது. நான்கைந்து நாள் முன்பிருந்தே நனைத்த சாக்குகளைப் பலகைகளின் மேல் போர்த்துங்கள். பிறகு ஆழமில்லாத இடத்தில் இறக்கி, பம்பும் ஓர் ஆளும் கூடவே இருக்க, பலகைகள் நீர் குடித்து இடுக்கு மூடும்வரை விட்டுவையுங்கள். முதல் இரவு நீர் வேகமாக ஏறும். மூன்றாம் நாள் பெரும்பாலும் கசிவாகக் குறைந்துவிடும். அதுவரை இயந்திரத்தை ஏற்றவோ கடலுக்குப் போகவோ வேண்டாம்.